பன்னிரண்டு நிமிடம் முன்னால்

எதிர்காலத்தைக் கருவி வைத்துப் பார்த்த முதல் மனிதன் நான்தான். பன்னிரண்டு நிமிடத் தொலைவுக்கு மட்டுமே பார்த்தேன் என்பது உண்மை. ஆனால் முதல் விமானம் பறந்தது பன்னிரண்டு விநாடிதான். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. விமானத்தைவிட அறுபது மடங்கு பெரிய சாதனை என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தொன்று. கோவையில் மெட்ரோ ரயில் ஓட ஆரம்பித்து, ஜன்னல் திறக்காததால் உள்ளே துண்டு போட்டு இடம் பிடிக்க முடியவில்லை என்று ஊரே வருத்தப்பட்ட வருடம்.

என் பெயர் கிருபாகரன். உயிர்மருத்துவப் பொறியியல், நான்காம் ஆண்டு. துறையின் சுவர்ப் பத்திரிகைக்கு ஆசிரியரும் நானே. அதற்கு இரண்டு வாசகர்கள் இருந்தார்கள். ஒருவர் நான், இன்னொருவர் அதைக் கிழிப்பதற்காகப் படிக்கும் துணை முதல்வர்.

கருவியின் பெயர் முன்னறி. எங்கள் பேராசிரியர் தண்டபாணி வைத்த பெயர். பீளமேட்டில் ஒரு வாடகை வீட்டில் நடந்த சிகிச்சை மையத்தில், ஆட்டிசம் உள்ள பதினான்கு குழந்தைகளிடம் அதைச் சோதித்தோம். குழந்தையின் மணிக்கட்டில் ஒரு ரப்பர் பட்டை. அது இரவு பகலாக, வீட்டில் இருந்தாலும்கூட, நாடித்துடிப்பையும் தோலின் வியர்வையையும் அளந்து எங்கள் கணினிக்கு அனுப்பும். குழந்தைக்கு மெல்ட்டவுன் வரப்போகிறது என்று கணினி முடிவுசெய்தால், தீப்பெட்டி அளவுள்ள ஒரு பெட்டி என் பாக்கெட்டில் அதிரும். அதிர்ந்த பன்னிரண்டாவது நிமிடம், வரும்.

மெல்ட்டவுன் என்றால் என்ன என்று எனக்கு முதல் நாளே வகுப்பு நடந்தது. நடத்தியவர் மையத்தின் சிகிச்சையாளர் பெனிட்டா மேடம். மையத்தின் மாடியிலேயே குடியிருந்தார். சிரிக்கும்போதும் சிரிக்காதபோதும் முகம் ஒரே மாதிரி இருக்கும்.

“அடம்தானே மேடம்?” என்றேன்.

“அடத்துக்குப் பாக்க ஆள் வேணும். ஆளில்லைன்னா நின்னுடும். இதுக்கு ஆளே வேண்டாம். உன் தலைக்குள்ள எட்டு டிவி சத்தமா ஓடுதுன்னு வை. ரிமோட் இல்லை. ஒருத்தர் வந்து தோள்ல தட்டி ‘சாப்டியாப்பா’ன்னு கேக்கறார். என்ன பண்ணுவ?”

“கத்துவேன்.”

“அவ்வளவுதான். பாடம் முடிஞ்சது.”

முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு விதி. பெட்டி அதிர்ந்தாலும் நாங்கள் அம்மாக்களிடம் சொல்லக்கூடாது. அவர்கள் வழக்கம்போல இருக்க வேண்டும். கணிப்பு சரியா தவறா என்று நாங்கள் பக்கத்து அறையிலிருந்து குறித்துக்கொள்வோம். அந்த அறையில் ஏ.சி. இருந்தது. அதனால் அறிவியலின் நலன் கருதி நான் அதைவிட்டு வெளியே வரவில்லை.

அம்மாக்கள் கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பேட்டி எடுப்பதும் என் வேலை. அதற்கு மட்டும் வெயிலுக்கு வருவேன். “குழந்தைக்கு வரப்போவுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?” என்பது என் கேள்வி. பதினான்கு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். தோணுச்சுங்க.

அந்த வாரச் சுவர்ப் பத்திரிகையில் ‘தோணுதியல்: ஓர் அறிமுகம்’ என்று எழுதினேன். பாடத்திட்டம் கிடையாது, ஆய்வகம் கிடையாது, அரியர் கிடையாது. சேர்க்கைக்கு ஒரு பிரசவம் போதும் என்று. துணை முதல்வர் அதைக் கிழிக்காமல் மடித்து வீட்டுக்கு எடுத்துப்போனார். என் எழுத்து வாழ்வின் உச்சம் அது.

ஆறு வாரம் கழித்து முடிவுகளைப் பார்த்தோம். பதிமூன்று குழந்தைகளிடம் முன்னறி நூற்றுக்கு அறுபது முறை சரியாகச் சொல்லியிருந்தது. பூவா தலையா போட்டிருந்தால் ஐம்பது வந்திருக்கும். பதினான்காவது குழந்தையிடம் நடந்ததுதான் சரித்திரம். முப்பத்தொரு மெல்ட்டவுனில் முப்பதை அது முன்கூட்டியே சொல்லியிருந்தது.

பதினான்காவது குழந்தை சம்யுக்தா. ஒன்பது வயது. தினமும் முழுக்கை பருத்திச் சட்டை. அவளிடம் மொத்தம் நாற்பது சொற்கள் இருந்தன, அவற்றில் முப்பத்திரண்டு பஸ் நிறுத்தங்கள். வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் “ஒண்டிப்புதூர்” என்பாள். சத்தம் அதிகமானால் “உக்கடம்”. என்னைப் பார்த்தால் “இறங்கு”. அது நிறுத்தம் இல்லை என்றாலும் பொருள் தெளிவாகவே இருந்தது.

அவளுடைய அம்மா கலாமணி. முப்பத்தாறு வயது. வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம். வருடத்துக்கு இரண்டு முறை வருவார். கலாமணி பனியன் கம்பெனியிலிருந்து மூட்டையாகத் துணி வாங்கிவந்து, ஷெட்டில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பார். கத்தரி துணியில் இருக்கும், கண் ஜன்னலில் இருக்கும். ஒரு துணியிலும் வெட்டு விழுந்து நான் பார்த்ததில்லை.

அவர்மீது எனக்கு ஒரே ஒரு வருத்தம். என் புள்ளிவிவரத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார். பெட்டி அதிரும், நான் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருப்பேன், இந்த அம்மா எழுந்து உள்ளே போய், விளக்கை அணைத்தோ, மகளை வெளியே கூட்டிவந்தோ, ஒன்றும் நடக்காமல் செய்துவிடுவார். அப்படி எழுபத்திரண்டு முறை. எழுபத்திரண்டையும் ‘தவறான எச்சரிக்கை’ என்று எழுத வேண்டியதாயிற்று.

“ஏனுங்கக்கா, செத்த நேரம் சும்மா உக்கார மாட்டீங்களா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“உக்காந்துதானுங்க தம்பி இருந்தேன். அவளுக்குக் கஷ்டமாகப் போவுதுன்னு தோணுச்சு. எந்திரிச்சுப் போயிட்டேன்.”

“என்னத்தைப் பாத்துத் தோணுச்சு?”

கலாமணி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “தெரியிலீங்களே” என்றார்.

இந்தப் பதில்தான் எங்கள் கருவிக்கு முன்னுரை என்று தண்டபாணி சாரிடம் சொன்னேன். தெரியாத இடத்தில் தெரிந்த ஒன்றை வைக்கிறோம். அவர் அதை இரண்டு மேடைகளில் தன் வாக்கியமாகச் சொன்னார்.

மூன்றாம் மாதம் கலாமணிக்கு ஷெட்டில் மயக்கம் வந்தது. கர்ப்பப்பையில் கட்டி; இரண்டு வருடமாக இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது; டாக்டர் ஆபரேஷனுக்கு இரண்டு முறை தேதி கொடுத்தும் இவர் போகவில்லை. இதெல்லாம் பெனிட்டா மேடம் தண்ணீர் தெளித்து எழுப்பியபிறகுதான் வெளியே வந்தது.

“இந்தத் தடவையும் தள்ளிப்போட்டா என்ன ஆகும்னு டாக்டர் சொன்னார்?” என்று மேடம் கேட்டார்.

“அடுத்த தடவை தேதி கேட்டு வரவேண்டாம், ஆம்புலன்ஸ்லதான் வருவீங்கன்னாருங்க.” சிரித்தார். “ஆறு நாள் படுக்கோணுமாம். அம்மிணிய ஆருகிட்ட உட்டுட்டுப் போறது? தங்கச்சிகிட்ட ஒரு நாள் உட்டேன். சாயங்காலம் தங்கச்சி அழுதுட்டு நிக்கறா.”

நான் அப்போது ஏ.சி. அறைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தேன். சொல்லிவிட்டேன்.

“எங்ககிட்ட விடுங்கக்கா. மெஷின் இருக்கு. பன்னிரண்டு நிமிஷம் முன்னாடியே சொல்லிடும். மேடம் வந்து வெளக்க அணைச்சாப் போச்சு.”

பெனிட்டா மேடம் என்னைப் பார்த்தார். கலாமணி பட்டையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சொல்லவில்லை.

தண்டபாணி சார் செய்தி கேட்டு எழுந்து நின்றார். நிதி கொடுக்கும் அறக்கட்டளைக்காரர்கள் அடுத்த வியாழக்கிழமை வருவதாக இருந்தது. அம்மாக்களே தேவைப்படாத விடுதி ஒன்றைக் கட்ட அவர்களிடம் திட்டம் கொடுத்திருந்தார். நாற்பது குழந்தைகள், நான்கு பணியாளர்கள், நாற்பது பட்டைகள். “அம்மா ஆஸ்பத்திரியில, புள்ள இங்க, நடுவுல மெஷின். இதைவிட என்னப்பா நிரூபணம் வேணும்?” என்றார். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், அம்மா திரும்பும்வரை சம்யுக்தா இரவில் மாடியில் பெனிட்டா மேடத்தோடு என்று முடிவானது.

திங்கட்கிழமை காலை கலாமணி ஏ.சி. அறைக்குள் வந்தார். அதுவரை எந்த அம்மாவும் அங்கே வந்ததில்லை. குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வளையலைத் தள்ளிவிட்டு, தன் இடது மணிக்கட்டைக் காட்டினார். அங்கே பதினான்காம் எண் பட்டை இருந்தது.

“அவ கையில ஒரு நிமிசங்கூட நிக்கலீங்க தம்பி. சட்டையில கம்பெனிச் சீட்டு இருந்தாலே பிச்சு எறிஞ்சுருவா. நீங்க பட்டையக் கட்டுனாத்தான் வாரம் மூணு நாள் இலவசமாப் பாப்போமுன்னு சொன்னீங்களா… மொத நாள்லயிருந்து நாந்தானுங்க கட்டிக்கிட்டேன்.”

“மூணு மாசமாவா?”

“ஆமாங்க. குளிக்கறப்ப மட்டும் கழட்டுவனுங்க.”

“இது மோசடிக்கா” என்றேன். குரலில் அறிவியலின் கண்ணியம் முழுவதையும் வைத்துச் சொன்னேன்.

“ஆமாங்க” என்றார் உடனே. “நீங்க திட்டுங்க. ஆனா நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா அந்தப் பெட்டி சத்தமே போடாது. நீங்க அதைய நம்பி உக்காந்திருப்பீங்க. அவ மண்டையச் செவுத்துல இடிப்பா. அதுக்குத்தானுங்க வந்தேன். ஆபரேசன் வேண்டாமுன்னு சொல்லியுடலாம்.”

அவர் வெளியே போனபிறகு நான் பதினான்காம் எண்ணின் கோப்பைத் திறந்தேன். ஒன்பது வயதுக் குழந்தைக்கு நாடித்துடிப்பு பெரியவர்களுக்குப்போல எழுபத்திரண்டு இருப்பதை நான் முன்பே கவனித்திருந்தேன். கவனிக்காமல் விடுவேனா? ‘இக்குழந்தையின் தனித்தன்மை’ என்று கட்டுரையில் ஒரு பத்தியே எழுதியிருந்தேன். ‘உறக்கம் நான்கு மணி நேரம் மட்டுமே’ என்று இன்னொரு பத்தி. ‘அதிகாலை நான்கரைக்கே காரணமற்ற பதற்றம்’ என்று ஒரு பத்தி. ‘செவ்வாய், வெள்ளி மாலைகளில் விளக்கமுடியாத உச்சம்’. செவ்வாயும் வெள்ளியும் பனியன் கம்பெனி மூட்டையைத் திரும்பக் கேட்கும் நாட்கள்.

பெனிட்டா மேடம் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

“சம்யுக்தா ராத்திரி ஒன்பது மணிக்குத் தூங்கினா காலைல ஆறுக்குத்தான் எந்திரிப்பா” என்றார். “இது யாருடைய நாலு மணி நேரம்னு நீ கேக்கவே இல்லையே.”

“அப்ப மெஷின் சொன்ன முப்பதும்…”

“அவங்க உடம்பு சொன்னது. தோணுச்சுன்னு அவங்க சொன்னாங்க. நீ சிரிச்ச. அதையே ஒரு பெட்டி சொன்னதும் உனக்கு அறிவியலாயிருச்சு.”

எனக்கு உடனடியாக ஒரு கேள்வி வந்தது. வெட்கத்துக்கு முன்னால் வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கலாமணியின் உடம்புக்கு எப்படித் தெரிகிறது? அவருக்கே தெரியாத ஒன்றைப் பன்னிரண்டு நிமிடம் முன்னால் அவருடைய இரத்தம் எப்படிப் படிக்கிறது?

தண்டபாணி சாருக்குக் கேள்விகள் வரவில்லை. தீர்வு வந்தது.

“பட்டை அம்மா கையிலயே இருக்கட்டும். அம்மா ஆஸ்பத்திரிக் கட்டில்ல போன்ல புள்ளைய வீடியோவுல பாக்கட்டும். பெட்டி இங்க அதிரும். வியாழக்கிழமை வர்றவங்களுக்கு இதெல்லாம் எதுக்குப்பா?”

கலாமணி இதைக் கேட்டு ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். மகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றால் அவருக்கு எங்கே படுத்தாலும் ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை காலை வார்டில் அவருக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. போனைக் கட்டில் கம்பியில் நான்தான் கட்டிவிட்டேன். திரையில் சம்யுக்தா தரையில் உட்கார்ந்து பழைய பஸ் டிக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் முதல்முறையாக ஏ.சி. அறைக்கு வெளியே, கருவிக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

எட்டே முக்காலுக்குக் கலாமணியின் பெருவிரல் போர்வையைத் தேய்ப்பதை நிறுத்தியது. கண் லேசாகச் சுருங்கியது. அவ்வளவுதான். அதே நேரம் பெனிட்டா மேடம் என் போனுக்கு வந்தார். “பெட்டி அதிருது.”

நான் திரையைப் பார்த்தேன். சம்யுக்தா டிக்கெட் அடுக்கிக்கொண்டிருந்தாள். முன்பு எப்படியோ அப்படியே.

“என்னங்கக்கா பாத்தீங்க?”

“ஒண்ணும் பாக்கலீங்களே.”

“பின்ன?”

“அந்த ஃபேன் டக்கு டக்குன்னுதுங்களா, அதைய நிறுத்தச் சொல்லுங்க.”

ஃபேன் சத்தம் போனில் எனக்குக் கேட்கவே இல்லை. நிறுத்தச் சொன்னேன். பன்னிரண்டு நிமிடம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் இதையெல்லாம் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

“இந்தம்மா ஆபரேஷனுக்கு வந்திருக்குதா, டூட்டிக்கு வந்திருக்குதா?”

பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தியேட்டருக்குள் இதெல்லாம் வரக்கூடாது. போனையும் பிடுங்கினார். கலாமணி தள்ளுவண்டியில் படுத்தபடி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அவ கையப் புடிக்காதீங்க. என்ன ஆனாலும் கையப் புடிச்சு இழுக்காதீங்க.”

“சரிங்கக்கா.”

“நீங்க பாத்துக்குவீங்கல்ல?”

இதற்கு என்னிடம் ஏழு நகைச்சுவையான பதில்கள் இருந்தன. தலையை மட்டும் ஆட்டினேன். பாக்கெட்டில் வைத்த எதையும் நான் தொலைக்காமல் இருந்ததில்லை என்பதால், பட்டையை என் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

அன்று மத்தியானம் இரண்டரைக்கு வந்தது. பெட்டி மேடத்தின் பாக்கெட்டில் ஊமையாகக் கிடந்தது. சம்யுக்தா “உக்கடம்” என்றாள். நான் அப்போது போனில் கலாமணியின் தங்கையிடம் ஆபரேஷன் முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். “உக்கடம், உக்கடம், உக்கடம்” என்று அவள் எழுந்து சுவரை நோக்கி ஓடினாள். நான் செய்ய வேண்டாம் என்று சொல்லப்பட்ட ஒரே காரியத்தைச் செய்தேன். கையைப் பிடித்தேன்.

அதன்பின் நாற்பத்துமூன்று நிமிடம். என் தாடையில் மூன்று கீறல். அவள் நெற்றியில் ஒரு வீக்கம். பெனிட்டா மேடம் சுவரோரம் மெத்தையைச் சாய்த்து, விளக்கை அணைத்து, இரண்டு கை தள்ளிப் பேசாமல் உட்கார்ந்தார். கடைசியில் அவள் மெத்தையில் முகம் புதைத்துக்கொண்டு, குரலே இல்லாமல் “ஒண்டிப்புதூர்” என்றாள். திரும்பத் திரும்ப. நிறுத்தத்தில் பஸ் நிற்காமல் போகிறபோது சொல்வதுபோல.

“மேடம், நான் எதைப் பாக்கணும்?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரிஞ்சிருந்தா உனக்கு எதுக்கு மெஷின் பண்ண அனுமதி கொடுத்திருப்பேன்?”

புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் தரையில் உட்கார்ந்தேன், அவளிடமிருந்து இரண்டு கை தூரத்தில். ஏ.சி. இல்லை, நாற்காலி இல்லை, போன் மேடத்திடம். அவள் “இறங்கு” என்றாள். நான் இன்னொரு கை தூரம் தள்ளி உட்கார்ந்தேன். அவள் டிக்கெட்டுகளுக்குத் திரும்பினாள்.

முதல் இரண்டு மணி நேரம் எனக்குச் சலிப்பாக இருந்தது. மூன்றாவது மணி நேரத்தில் அந்த டிக்கெட்டுகளை ஏன் அப்படி அடுக்குகிறாள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். பஸ் எண்ணா? இல்லை. தேதியா? இல்லை. கட்டணமா? இல்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் பிடிபட்டது. கண்டக்டர் மெஷினிலிருந்து கிழிக்கும்போது சீட்டின் ஓரம் கோணல் மாணலாகக் கிழியுமே, அந்த ஓரத்தைப் பார்க்கிறாள். ஒரு சீட்டின் அடி ஓரத்தோடு பொருந்தும் தலை ஓரத்தைத் தேடுகிறாள். ஒரே பயணத்தில் அம்மாவுக்கும் மகளுக்கும் அடுத்தடுத்துக் கிழித்த சீட்டுகள். அவற்றைத் திரும்ப ஜோடி சேர்த்துக்கொண்டிருக்கிறாள். முன்னூறு சீட்டுகளில்.

நான் ஒரு ஜோடியைக் கண்டுபிடித்துத் தரையில் அவள் பக்கமாகத் தள்ளினேன். எடுத்துப் பார்த்தாள். தவறு. திருப்பித் தள்ளினாள். இன்னொன்று. அதுவும் தவறு. நான்காவது முறை வைத்துக்கொண்டாள். அன்று மாலைக்குள் நான் பதினொரு ஜோடி சேர்த்தேன், அவள் அறுபது. அன்று இரண்டு முறை வந்தது. இரண்டையும் நான் முன்னால் அறியவில்லை. ஆனால் கையைப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். தண்டபாணி சார் கோட் போட்டிருந்தார். பெட்டியை மேடத்திடமிருந்து வாங்கி உள்ளங்கையில் சாமி பிரசாதம்போல ஏந்திக்கொண்டு, அறை வாசலில் நின்று மெல்லிய குரலில் விளக்கிக்கொண்டிருந்தார். நேற்று இரண்டு முறை ஊமையாக இருந்ததை நான் இரவே சொல்லியிருந்தேன். “இன்னைக்கு அதிராட்டி, குழந்தை அமைதியா இருக்கான்னு சொல்லிக்கலாம்” என்றிருந்தார்.

நான் தரையில் இருந்தேன். வாசலில் யாரோ செண்டு போட்டிருந்தார்கள். ஒரு செருப்பு கிறீச்சிட்டது. சம்யுக்தா ஒரு சீட்டை எடுத்தாள், ஓரத்தைப் பார்த்தாள், வைத்தாள். அதே சீட்டை எடுத்தாள். எனக்குத் திடீரென்று வயிற்றுக்குள் லிஃப்ட் இறங்குவதுபோல இருந்தது.

வாசலில் பெட்டி அதிர்ந்தது.

“பாத்தீங்களா!” தண்டபாணி சாரின் மெல்லிய குரல் உடைந்தது. “அம்மா ஆஸ்பத்திரியில. இங்க யாரும் ஒண்ணும் சொல்லல. குழந்தை பாருங்க, அமைதியா உக்காந்திருக்கு. ஆனா மெஷினுக்குத் தெரியுது!”

வந்தவர்களில் கண்ணாடி போட்ட அம்மையார் குழந்தையை உற்றுப் பார்த்தார். அன்று துவைத்த சட்டை காயாததால் சம்யுக்தா அரைக்கைச் சட்டையில் இருந்தாள்.

“பட்டை கையில கட்டறதுன்னு சொன்னீங்க. இந்தப் பொண்ணு கை வெறுமையா இருக்கே?”

எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பைக்கில் மாட்டியது. கழற்ற மறந்தது. கையை உயர்த்திக் காட்டினேன்.

“என் கையில இருக்கு மேடம். அதுக்கு முன்னாடி அவங்கம்மா கையில இருந்தது. குழந்தை கையில எப்பவுமே இல்லை. மிச்ச விளக்கம் அப்புறம் சொல்றேன். இப்ப எல்லாரும் வெளிய போங்க. இன்னும் பதினோரு நிமிஷம்தான் இருக்கு.”

“கிருபா” என்றார் தண்டபாணி சார்.

“செருப்பைக் கையில எடுத்துட்டுப் போய் ஷெட்டுல போட்டுக்கங்க சார். ப்ளீஸ்.”

போனார்கள். பெனிட்டா மேடம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். செண்டு வாசம் போக நான் பின்கதவைத் திறந்தேன். மூன்று கை தூரத்தில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம், பதினைந்து, இருபது. அவள் சீட்டை எடுத்தாள், பார்த்தாள், அடுத்ததை எடுத்தாள்.

கார் ஷெட்டில் விசாரணை நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் அம்மாக்களுக்குப் பதில் அறக்கட்டளை உட்கார்ந்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப அம்மா இல்லைன்னா, அந்த இடத்துல யாராவது ஒருத்தர் உக்காந்தே ஆகணும்?” என்றார் கண்ணாடி அம்மையார்.

“ஆமாங்க.”

“எத்தனை நாள் உக்காந்தா இது வரும்?”

“எனக்கு ஒரு தடவை வர ரெண்டு நாள் ஆச்சு. திரும்ப வருமான்னு தெரியாது. அவங்களுக்கு ஒன்பது வருஷம்.”

“பின்ன மெஷின் எதுக்கு?”

தண்டபாணி சார் ஷெட்டின் கூரையை ஆராய்ந்தார். பெனிட்டா மேடம்தான் பேசினார்.

“பதினாலு பட்டையையும் அம்மாக்களுக்கே கட்டலாம். புள்ளைக்கு என்ன வரப்போகுதுன்னு தெரிஞ்சுக்க இல்லை. இந்தம்மா நாலு மணி நேரம்தான் தூங்கறாங்க, இவங்களால இன்னைக்கு முடியலைன்னு எங்களுக்குத் தெரியணும். தெரிஞ்சா அன்னைக்கு வேற ஒருத்தர் போய் உக்காரலாம். கலாமணி மயங்கி விழுந்தப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. மெஷினுக்கு மூணு மாசமாத் தெரிஞ்சிருக்கு.”

அம்மையார் குறிப்பேட்டில் எழுதினார். நல்ல கையெழுத்து. பிறகு மூடினார். “நல்ல யோசனைதான். ஆனா எங்க திட்டம் குழந்தைகளுக்கு மட்டும்தான். அம்மாக்களுக்குன்னு செலவு எழுத எங்ககிட்ட தலைப்பு இல்லை.”

அவர்கள் கார் கிளம்பியதும் தண்டபாணி சார் என்னிடம் கை நீட்டினார். நான் குலுக்கப் போனேன். அவர் கேட்டது பட்டையை. அது கல்லூரிச் சொத்து. கழற்றிக் கொடுத்தேன். பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு, “உன் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு இப்ப என்னன்னு நீயே சொல்லு” என்றார். கோபமாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று மாலை கலாமணியின் தங்கை போன் செய்தார்.

“அக்கா நல்லா இருக்குதுங்க. நேத்து ராத்திரி படுத்ததுங்க, இன்னைக்குக் கஞ்சி குடிக்க மட்டும் எந்திரிச்சுது. மறுக்காத் தூங்கிருச்சு. இப்படித் தூங்கி நான் பாத்ததே இல்லீங்க. எனக்குப் பயமா இருக்குது, எழுப்பட்டுங்களா?”

“எழுப்பாதீங்க” என்றார் பெனிட்டா மேடம். “அவங்களா எந்திரிச்சா, பொண்ணு நல்லா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. வீடியோ கிடையாது. திங்கக்கிழமை வீட்டுக்கு வர்ற வரைக்கும் வீடியோ கிடையாது.”

வெள்ளிக்கிழமை மையத்தில் கருவி எதுவும் இல்லை. ஏ.சி. அறையை யாரும் திறக்கவில்லை. சம்யுக்தா ஜன்னலோரம் இருந்தாள். நான் மூன்று கை தூரத்தில் இருந்தேன். பெனிட்டா மேடம் வாசல்படியில் உட்கார்ந்து வேறொரு குழந்தையின் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். வீட்டின் பின்பக்கம் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, தினமும் ஓடுவதுபோல.

நான் எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினேன்.

“டேங்க் நிறையலையே, ஏன்?” என்றார் மேடம், எழுதுவதை நிறுத்தாமல்.

நான் பதில் சொல்ல யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பிறகு போய் இருந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடம் போனது. ஒன்றும் நடக்கவில்லை.